எங்கள் வட்டாரத்து மெம்பர்

காலிமுகத் திடலின் தெற்கு முனையில் தொடங்கிப் பம்பலப்பிட்டி எல்லை வரை காலி வீதியின் இரு மருங்கிலும் நீண்டு கிடக்கிற நிலத்துண்டுதான் கொள்ளுப்பிட்டி. மேற்கே கடல், கிழக்கே கறுவாத்தோட்டம். தபாற்கந்தோர்க் கணக்கில் கொழும்பு 3. நீளம் உண்டு, அகலம் குறைவு. கடற்கரைப் பாறையிலிருந்து கிளம்பி ஒரு ஒழுங்கைக்குள்ளால் நடந்தால் கால் மணித்தியாலத்துக்குள் மறுபக்கம் போய்விடலாம்.

நான் பிறந்து வளர்ந்தது அந்தக் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் ஒன்றில். 1960களில் அங்கே மரீன் டிரைவ் கிடையாது. ஒழுங்கை நேரே போய் ரயில் பாதையில் முடியும். பாதைக்கு அப்பால் பாறை, பாறைக்கு அப்பால் அலை. எங்கள் வீடு ஒரு பறங்கிச் சீமாட்டிக்குச் சொந்தமான பெரிய வீட்டின் அனெக்ஸ். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்கு வந்தவர். வலப்பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம், இடப்பக்கத்தில் சிங்களக் குடும்பம், எதிரே வேறு இரண்டு தமிழ் வீடுகள், மூலையில் ஒரு போரா வியாபாரி. அந்த நாளைய கொள்ளுப்பிட்டி ஒழுங்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன.

அப்பா ஆங்கிலத்தில் படித்தவர். அவருடைய பள்ளிக்கூடத்துப் பூமிசாஸ்திரம் முழுக்க இங்கிலாந்து. யோர்க்‌ஷயரில் எது விளையும், லங்காஷயரில் பஞ்சாலை ஏன் வந்தது, எந்த ஆறு எந்த மாவட்டத்தைப் பிரிக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் கொழும்புக்கு வந்த பிறகுதான், வெள்ளவத்தையிலும் ஒரு பெரிய நூற்பு நெசவாலை இருக்கிறது, அதன் தொழிலாளர்கள் 1933-ல் நடத்திய வேலைநிறுத்தம் இந்த நாட்டு இடதுசாரி இயக்கத்தின் பிறப்பில் ஓர் அத்தியாயம் என்பது அவருக்குத் தெரியவந்தது. அந்த ஆலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்கின்றன. தான் படிக்காத பாடத்தை எங்களுக்குச் சொல்லித் தரவேண்டும் என்று அப்பா நினைத்தார் போலும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் தங்கையையும் நடத்திக்கொண்டே போய் நகரத்தைக் காட்டுவார். "இங்கையிருந்து வடக்கால போனா களனி கங்கை. தெற்கால தெகிவளை வாய்க்கால். அந்த ரெண்டுக்கும் நடுவில உள்ளதுதான் எங்கட கவுன்சில். வாய்க்காலைத் தாண்டினா வேற கவுன்சில், வேற வரி." தெகிவளை-கல்கிசை மாநகர சபை 1959-ல் தனியாக உருவாகியிருந்தது. பாலத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் குப்பை வண்டி வேறு, விளக்குக் கம்பம் வேறு என்று அவர் சொல்லித் தந்ததை நான் மறக்கவில்லை.

மாநகர சபை என்ற ஏற்பாடே இங்கிலாந்து நகரங்களைப் பார்த்துச் செய்ததுதான். 1865-ல் சட்டம் வந்தது. 1866-ல் கொழும்பு சபை கூடத் தொடங்கியது. மேயர், வட்டாரம், கவுன்சிலர், சோலைவரி என்று எல்லாம் அங்கிருந்து கப்பலில் வந்தவை. ஒன்று மட்டும் உடனே வரவில்லை: மக்கள் தெரிந்தெடுக்கும் தலைவர். மேல் மாகாண அரசாங்க அதிபரே பல காலம் சபையின் தலைவராக இருந்தார். 1937-ல்தான் சபை உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தெரிந்தெடுத்தார்கள். அவர் டொக்டர் இரத்தினஜோதி சரவணமுத்து. கொழும்பின் தெரிவுசெய்யப்பட்ட முதல் மேயர் ஒரு தமிழர் என்பதை இன்று கொழும்பில் வளரும் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் அறிவார்கள்? அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து 1932 இடைத்தேர்தலில் கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குப் போனவர். அந்தச் சபையில் அமர்ந்த இரண்டாவது பெண். மேயரின் சகோதரர் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரிலுள்ள மைதானத்தில்தான் 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. மைதானத்தின் பெயர் கிரிக்கெட் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். மேயரின் பெயர் தெரியாது.

அப்பா எங்களை அழைத்துப்போன இடங்களில் விக்டோரியா பார்க்குக்கு எதிரே 1928-ல் கட்டிய வெள்ளை நகர மண்டபமும் ஒன்று. அதற்கு முந்தைய நகர மண்டபம் 1873-ல் புறக்கோட்டையில் கட்டியது. சபை கடைத்தெருவிலிருந்து கறுவாத்தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. வியாபாரிகளும் நாட்டாமைகளும் நடமாடும் தெருவில் இருந்த சபை, மரநிழலும் புல்தரையும் சூழ்ந்த இடத்துக்குப் போனதில் ஏதோ ஒன்று தொலைந்துவிட்டது என்பது அப்பாவின் அபிப்பிராயம். எனக்கும் இன்று அதே அபிப்பிராயந்தான்.

ஆனாலும் அந்த நாட்களில் நகர மண்டபம் தூரமாக இருந்ததில்லை. காரணம், எங்கள் வட்டாரத்துக்கு ஒரு மெம்பர் இருந்தார். அவர் சிங்களவர். காலி வீதிக்கு மேலே அவருடைய வீடு. மாலையில் சாரத்தோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் ஒழுங்கை விளக்கு எரியாவிட்டால் அப்பா என்னை அனுப்புவார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லுவேன். அவர் தமிழில் "சரி தம்பி, அப்பாகிட்ட சொல்லு, நான் பாக்கிறேன்" என்பார். சில நாட்களில் ஏணியோடு ஆட்கள் வருவார்கள். வராவிட்டால் அப்பா தானே போவார். மெம்பர் எங்கள் கட்சி இல்லை. அப்பா அவருக்கு வாக்குப் போட்டாரா என்பதும் எனக்குத் தெரியாது. அதெல்லாம் பொருட்டாக இருக்கவில்லை. அடுத்த தேர்தலில் இதே ஒழுங்கைக்கு வந்து இதே வாசல்களில் நின்று கேட்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவ்வளவு போதும்.

சபையும் அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. கொள்ளுப்பிட்டி மார்க்கெட் சபையுடையது. மருந்து வாங்கப் போகும் டிஸ்பென்சரி சபையுடையது. 1925-ல் தொடங்கிய பொது நூலகம் சபையுடையது. நான் தமிழ்ப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது அங்கிருந்து. 1899-ல் தொடங்கிய டிராம் வண்டிகளைச் சபை 1944-ல் பொறுப்பேற்றது. டிராம் பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் ஓடியதே தவிர எங்கள் பக்கம் வரவில்லை. 1960-ல் டிராமும், 1964-ல் டிரொலி பஸ்ஸும் நின்றுபோயின. குழாயில் வருவது 1886-லிருந்து லபுகமவில் தேக்கி அனுப்பும் தண்ணீர். அதுவும் அன்று சபையின் கையில் இருந்தது.

அந்தச் சபையின் தெருக்களைக் கூட்டியவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட தமிழர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். விடியுமுன் கொள்ளுப்பிட்டி வாய்க்கால்களைக் கழுவிவிட்டு, சபையின் நெருக்கமான லயன் அறைகளுக்குத் திரும்பிப் போவார்கள். 1948 பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின் அவர்களில் ஏராளமானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களானார்கள். நகரத்தைத் துப்புரவாக்கியவர்களுக்கு நகரத்தை ஆள ஒரு வாக்குக் கிடையாது. எங்கள் ஒழுங்கையில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மெம்பரிடம் விளக்குக்குப் போய் நின்ற நாங்கள், அவர்களும் இந்த வட்டாரத்து மக்கள்தானே என்று கேட்கவில்லை. அந்த நாட்களை நான் எவ்வளவு நேசித்தாலும் இந்தக் குறையை மறைத்து எழுத முடியாது.

ஆடி மாதம் வந்தால் கொழும்புத் தமிழரின் வரைபடம் முழுவதும் ஒரே ஊர்வலத்தில் தெரியும். செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்பட்டு, காலிமுகத் திடலைத் தாண்டி, கொள்ளுப்பிட்டிக்குள்ளால் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்குப் போகும். காலி வீதியின் இரு பக்கமும் கரும்புக் கட்டுகள். சிங்களப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் எங்களோடு கரும்பு கடித்துக்கொண்டு நிற்பார்கள். கொட்டாஞ்சேனையையும் பம்பலப்பிட்டியையும் கொள்ளுப்பிட்டி இணைக்கிறது என்பதைப் புத்தகத்தில் படிக்கவேண்டியதில்லை, வாசலில் நின்றால் தெரியும். கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழருக்குப் பழைய வேர் உண்டு. பொன்னம்பல முதலியார் தொடக்கிய சிவன் கோவிலை அவர் மகன் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பினார். ஜிந்துப்பிட்டி முருகன், கொச்சிக்கடை அந்தோனியார், விவேகானந்த சபை எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரம். வெள்ளவத்தை பிறகு வளர்ந்தது. 1942-ல் தோன்றிய தமிழ்ச் சங்கம் அங்கே ஓர் ஒழுங்கைக்கே சங்கத்தின் பெயரைக் கொடுத்துவிட்டது.

இரண்டு மாற்றங்கள் எங்கள் வாழ்க்கையைப் புரட்டின. ஒன்று சத்தமில்லாமல் வந்தது. மற்றது நெருப்போடு வந்தது.

சத்தமில்லாமல் வந்தது 1979-ல். அந்த ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல்கள் விகிதாசார முறையில் நடந்தன. கொழும்பு முழுவதும் ஒரே தொகுதி. கட்சிகள் பட்டியல் போட்டன. வாக்கைக் கூட்டிப் பெருக்கி ஆசனம் பிரித்தார்கள். கட்சிக் கணக்கில் அது நியாயமான முறை. சிறிய கட்சிகளுக்கும் சிறுபான்மையினருக்கும் இடம் கிடைத்தது, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வட்டாரம் என்பது காகிதத்தில் மட்டும் நின்றுவிட்டது. கொள்ளுப்பிட்டிக்கென்று ஒரு மெம்பர் இல்லை. எல்லாரும் எல்லா வட்டாரத்துக்கும் மெம்பர். அதன் பொருள், விளக்கு அணைந்தால் போய்ச் சொல்ல ஒரு வாசல் இல்லை என்பது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மனிதர் காலமான பிறகு அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. வட்டார உறுப்பினர் முறை கொழும்புக்குத் திரும்பி வந்தது 2018 பெப்ரவரித் தேர்தலில். இடையில் 39 ஆண்டுகள். ஒரு தலைமுறை முழுவதும் தன் வட்டாரத்து மெம்பர் யாரென்று கேட்கவே தெரியாமல் வளர்ந்துவிட்டது.

நெருப்போடு வந்தது 1983 ஜூலை. பொரளையில் ஞாயிறு இரவு தமிழருக்கு எதிராகத் தொடங்கிய வன்முறை திங்கள் காலையில் காலி வீதிக்கு வந்துவிட்டது. கடைகள் எரிவதை நாங்கள் ஒழுங்கை முனையிலிருந்து பார்த்தோம். தாக்க வந்தவர்களில் சிலருடைய கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. இதை அந்த நாட்களில் உயிர்தப்பிய பலர் பல இடங்களில் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கதவுக்குப் பின்னால் தமிழ்ப் பெயர் இருக்கிறது என்பதை அந்தக் காகிதம் காட்டிக் கொடுத்தது. எதிரே இருந்த இரண்டு தமிழ் வீடுகளும் எரிந்தன. எங்களை இடப்பக்கத்துச் சிங்கள வீட்டார் பின்மதில் வழியாக இழுத்துத் தங்கள் குசினிக்குள் வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா வாசலில் நின்று "இங்கே யாருமில்லை" என்று சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்துவிட்டு, மாதக் கணக்கில் யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்டு, அப்பாவின் பிடிவாதத்தால் கொள்ளுப்பிட்டிக்கே திரும்பி வந்தோம்.

அடுத்த முறை வாக்காளர் பதிவுப் படிவம் வந்தபோது அம்மா அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

"பேரைப் போட்டு என்ன காணப்போறம்? போட்டுக் கண்டது காணாதே?" என்றார்.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பேர் இல்லாட்டி, நாங்கள் இந்த ஊரில இல்லையெண்டு அவங்கள் சொல்லத் தேவையில்லையப்பா. நாங்களே சொல்லிப்போட்டம்" என்றார்.

சில ஆண்டுகள் அம்மாவே வென்றார். பின் ஒருநாள் அப்பா படிவத்தை எடுத்துத் தன் அழகான எழுதுவினைஞர் கையெழுத்தில் எங்கள் எல்லாருடைய பெயரையும் நிரப்பிக் கையெழுத்திட்டார். அம்மா தடுக்கவில்லை. அப்பா செய்ததிலேயே மிகத் துணிச்சலான காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எதிர்வீட்டார் லண்டனுக்குப் போனார்கள். பறங்கிச் சீமாட்டியின் பிள்ளைகள் மெல்பேர்னுக்கு. கொள்ளுப்பிட்டித் தமிழர் பலர் ரொறன்ரோவுக்கும், ஏலாதவர்கள் வெள்ளவத்தைக்கும் போனார்கள். நிறைய ஆட்கள் அருகருகே இருந்தால் பயம் குறையும் என்ற ஒரே காரணத்தால் வெள்ளவத்தை அடர்ந்தது. வடக்கில் போர் கடுமையாகியபோது இன்னும் ஆயிரக்கணக்கானோர் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து லொட்ஜுகளில் தங்கினார்கள். அவர்களுக்கு மறுபடியும் பட்டியல்கள்: பொலிஸ் பதிவு, வீட்டுக்காரர் கொடுக்கவேண்டிய விபரம். 2007 ஜூன் 7 விடியற்காலையில் லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. இந்த நகரத்தில் இருக்க உனக்கு என்ன காரணம் என்று ஒரு மனிதனிடம் இரவில் கேட்கிற நிலை எந்த நகரத்துக்கும் வரக்கூடாது.

இப்போது நான் அதே ஒழுங்கையில், பழைய வீடு இருந்த நிலத்தில் எழுந்த அடுக்குமாடியின் ஒரு தளத்தில் இருக்கிறேன். பிள்ளைகள் காலையில் கடல் பார்க்கக் கேட்டால் கூட்டிக்கொண்டு இறங்குவேன். அந்தக் கால் மணி நேர நடையில் எத்தனை ஆட்சிகள் என்று எண்ணிப் பாருங்கள். பாறையும் மணலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. தண்டவாளம் ரயில்வேக்கு. ஒழுங்கை மாநகர சபைக்கு. அதற்குக் கீழே ஓடும் தண்ணீர்க் குழாய் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு. 1970களில் வந்த அந்தச் சபை மாநகர சபையிடமிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டது. அதே ஒழுங்கைக்குக் கீழே ஓடும் நூறாண்டு தாண்டிய கழிவுக் குழாய் மறுபடி மாநகர சபைக்கு. மேலே தொங்கும் கம்பி மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு. காலி வீதி ஏ-2 நெடுஞ்சாலை, ஆகவே வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. உயரக் கட்டிடம் எழும்பினால் நகர அபிவிருத்தி அதிகாரசபையும் சேரும். வதிவிடக் கடிதத்துக்குக் கிராம உத்தியோகத்தர், அவருக்கு மேலே திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கொட்டாஞ்சேனை அதே மாநகர சபைக்குள்தான், ஆனால் அதற்குக் கொழும்பு பிரதேச செயலகம். ஒழுங்கையில் ஒரு குழி விழுந்தால் அது தண்ணீர்க் குழியா, கழிவுக் குழியா, தெருக் குழியா என்று முதலில் ஆராய்ச்சி செய்யவேண்டும். ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு நான் கடிதம் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லாரும் அடுத்த கந்தோரைக் காட்டினார்கள்.

காலிமுகத் திடலில் நின்று பார்த்தால் நான் சிறுவனாக அலை பார்த்த இடத்தில் 269 ஹெக்டேயர் புதிய நிலம் தெரிகிறது. துறைமுக நகரம். கொழும்பு என்றுதான் பெயரிலும் இருக்கிறது. ஆனால் அதை நடத்துவது கொழும்பு வாக்காளர் தெரிந்தெடுத்த சபை அல்ல, 2021-ல் இயற்றிய சட்டத்தின் கீழ் நியமிக்கப்படும் ஓர் ஆணைக்குழு. கடலிலிருந்து எழுந்த நிலத்துக்கு வட்டாரமும் இல்லை, மெம்பரும் இல்லை.

எல்லைக்கோடு எவ்வளவு கொடுமையாக இருக்கமுடியும் என்பதை மீதொட்டமுல்லவில் பார்த்தோம். நகரத்தின் குப்பை முதலில் கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டாலில் மலையாகக் குவிந்தது. 2009-ல் அங்கே கொட்டுவது நின்றது. பிறகு அது கொலன்னாவைக்குள் இருக்கும் மீதொட்டமுல்லவுக்குப் போனது. அது கொழும்பு மாநகர எல்லைக்கு வெளியே. அங்கே வாழ்ந்த ஏழைகளுக்கு இந்தச் சபையில் வாக்குக் கிடையாது. கொள்ளுப்பிட்டியில் நாங்கள் வீசியது அவர்களுடைய கூரைக்கு மேலே வளர்ந்தது. அவர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அந்த மலை சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். தன் குப்பையைத் தனக்கு வாக்களிக்க முடியாத மனிதரின் வாசலில் கொட்ட எந்தச் சபைக்கும் உரிமை இருக்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

மழை நீரின் கதையும் அப்படித்தான். கொழும்பில் விழும் மழை வெள்ளவத்தை வாய்க்காலாலும் தெகிவளை வாய்க்காலாலும் முகத்துவாரச் சுரங்கத்தாலும் கடலுக்கு வடியவேண்டும். களனி தாழ்ந்திருந்தால் ஆற்றுக்குள்ளும் போகும். ஆனால் அதே வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வருவது கோட்டே, கொலன்னாவை, இன்னும் மேலே உள்ள சதுப்பு நிலங்களிலிருந்து. அங்கே சதுப்பை நிரப்பி வீடு கட்டினால் வெள்ளம் இங்கே. தண்ணீருக்கு மாநகர எல்லை தெரியாது. அதை ஆளுகிறவர்களுக்கோ எல்லையைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை.

2018-ல் வட்டார முறை திரும்பியபோது நான் மகிழ்ந்தேன். கொழும்புக்கு 66 வட்டாரங்கள் வகுத்தார்கள். வட்டாரத்தில் வென்றவர்கள் பெரும்பகுதி, பட்டியலில் வந்தவர்கள் மீதி; நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சட்டமே சொன்னது. அந்த ஆண்டு கொழும்புக்கு முதல் பெண் மேயரும் வந்தார். இனி வாசலில் நாற்காலி போடாவிட்டாலும் ஒரு பெயராவது இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் 2023 மார்ச் 19-ல் சபைகளின் காலம் முடிந்தது. அதே மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்று நின்றது. தேர்தலை நடத்தாமல் விட்டது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6-ல்தான் வாக்களித்தோம். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல், ஐந்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் நகரத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட ஓர் ஆள்கூட இல்லை. ஆணையாளரும் அதிகாரிகளும் நடத்தினார்கள். குப்பை எடுபட்டது, விளக்கு எரிந்தது. அதனால்தானோ என்னவோ பெரும்பாலானோருக்கு அந்த வெற்றிடம் உறைக்கவேயில்லை. அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

புதிய சபையில் 117 பேர். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. தேசிய மக்கள் சக்திக்கு 48 ஆசனம். ஜூன் 16-ல் இரகசிய வாக்கெடுப்பில் விராய் கெலி பல்தசார் 61 வாக்குப் பெற்று மேயரானார். தொலைக்காட்சியில் எல்லாரும் அந்தக் கணக்கைத்தான் பார்த்தார்கள். யார் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்று எங்கள் அடுக்குமாடி லிப்டுக்குள் கூடப் பேச்சு. நான் அதே லிப்டில் ஒரு வாலிபனிடம் கேட்டேன்: "தம்பி, எங்கட வட்டாரத்துக்கு ஆர் மெம்பர்?"

"தெரியாது அங்கிள். அதெல்லாம் இருக்கா?" என்றான். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, வாக்கும் போட்டவன்.

எதிர்வீட்டிலிருந்து லண்டனுக்குப் போன அக்கா இப்போது ஹரோவில் இருக்கிறார். தொலைபேசியில் தன் கவுன்சிலர்களுடைய பெயர்களைச் சொல்லுவார். தமிழர்களே அந்த நகரசபையில் கவுன்சிலர்களாக இருந்திருக்கிறார்கள். குப்பைத் தொட்டி எடுக்காவிட்டால் இவர் உடனே மின்னஞ்சல் போடுவார், பதில் வரும். 1983-ல் எரிந்த வீட்டிலிருந்து கட்டிய துணியோடு போன ஒருவர், அங்கே வட்டாரத்துக்குச் சொந்தக்காரியாகிவிட்டார். கொள்ளுப்பிட்டியில் தங்கிய நாங்கள் இங்கே குடியிருப்பவர்களாக மட்டும் இருக்கிறோம். இடப்பெயர்வு என்பது வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

கொழும்புத் தமிழருக்குப் பட்டியல் என்ற சொல்லே பயம் தரும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதே வாக்காளர் பட்டியல் இன்று உங்கள் பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்க வதிவிடத்துக்கான சான்று. அதுதான் வதிவிடக் கடிதத்துக்குக் கிராம உத்தியோகத்தர் பார்க்கும் ஆதாரம். அதுதான் வட்டாரத்தில் நமக்கு எத்தனை வாக்கு என்பதைச் சபைக்குச் சொல்லும் ஒரே கணக்கு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருப்பவர்கள் பலர் இன்னும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பதிந்து வைத்திருக்கிறார்கள். பலர் எங்குமே பதியவில்லை. வீட்டுக்காரர் விரும்பமாட்டார் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கும் தான் வாழும் இடத்தில் பதிய உரிமை உண்டு. கேட்டுப் பெறவேண்டியது அது.

இந்த ஆண்டுப் படிவம் உங்கள் வீட்டுக்கு வரும்போது அலுமாரிக்குள் வைக்காதீர்கள். வரவில்லையென்றால் உங்கள் கிராம உத்தியோகத்தரைத் தேடிப்போய்க் கேளுங்கள். வீட்டில் பதினெட்டு வயதானவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். பிறகு உங்கள் வட்டாரத்துக்கு மெம்பர் யாரென்று கண்டுபிடித்து, ஒரு விளக்குக்காகவாவது ஒருமுறை அவரிடம் போய்ப் பேசுங்கள்.